வயலுக்கும் உலைக்கும் நடுவே

திங்கள் இரவு, சேலம்

சூரமங்கலம் உழவர் சந்தைக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். ஏழு மணிக்குப் போனாலும் காய்கறி கிடைக்கும். ஆனால் அதை விளைவித்தவர்களுக்கு நம்மோடு பேசப் பொழுது இருக்காது. தை மாதக் குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தரி, வெண்டை, அவரை, முள்ளங்கி, கட்டுக் கட்டாகக் கீரை. அட்டையைக் காட்டித் தராசு வாங்கிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் வியாபாரம் தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 180க்கு மேல் இருக்கின்றன. நிலமும் பயிரும் இருப்பதைச் சரிபார்த்து விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். இடத்துக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை. மண்டியின் மொத்த விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவே அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் பல ஊர்களில் இந்தச் சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006க்குப் பிறகுதான் மீண்டும் உயிர் பெற்றன. சிறு விவசாயி நேரடியாக விற்கும் இடம் ஆட்சி மாற்றத்தில் ஆட்டம் காணக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அரை ஏக்கரில் கீரையும் கொத்தமல்லியும் போடுகிறார். “மண்டியில் நான் கட்டை இறக்குவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவார்கள், கண்ணு. இங்கே பலகையில் எழுதியிருக்கிறது. எனக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்” என்றார். தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அம்மாவுக்கு அதில் கால் பங்குதான். ஆனாலும் தினமும் கையில் காசு புரள்கிறது.

சந்தை முழுவதும் சுற்றினேன். சாமை, தினை, வரகு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஓரத்தில் நிலக்கடலை மட்டும் இருந்தது. கீரையைப் பறித்தபடி விற்கலாம், தக்காளியைப் பறித்தபடி விற்கலாம். சாமையை அறுத்தபடி விற்க முடியாது. காயவைத்து, அடித்து, தூற்றி, உமி நீக்கி, கல் பொறுக்கிய பிறகுதான் அது உலைக்குப் போகும். அந்த வேலையை யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், ஏன் பலர் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். நாளை கொல்லிமலை.

செவ்வாய் இரவு, செம்மேடு

நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. முப்பதாவது வளைவு தாண்டியதும் காற்று மாறியது. ஜன்னலை மூடச் சொல்லி முன்னிருக்கையிலிருந்து குரல் வந்தது. எதிரே இறங்கி வந்த லாரிகளுக்காக எங்கள் பஸ் பலமுறை ஒதுங்கி நின்றது. பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு லாரிகள். இது கிழங்கு பிடுங்கும் பருவம்.

அந்த லாரிகளின் கதையைச் சொல்லாமல் சாமையின் கதையைச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தொடங்கியது. பிறகு அது பெருகியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பே சேலத்தில் உருவானது. வட மாநிலங்களில், முக்கியமாக மகாராஷ்டிரத்தில், விரத நாட்களில் சமைக்கும் ஜவ்வரிசிக் கிச்சடிக்கு சேலத்திலிருந்துதான் பெருமளவு சரக்கு போகிறது. ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. மலைக்குச் சாலை வந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது.

இதற்காக மலையாளி எனப்படும் இந்த மலைவாழ் மக்களைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கொல்லிமலையின் பழங்குடிகளான இவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், மருத்துவச் செலவு பார்க்க வேண்டும். பணம் கையில் தரும் பயிருக்கு மாறியது நியாயமான முடிவு. செம்மேட்டுத் தேநீர்க் கடையில் பேசிய பெரியவர் இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். “கிழங்கைப் பிடுங்கிச் சாலையோரம் போட்டால் லாரிக்காரன் எடுத்துக்கொள்வான். சாமையைப் போட்டால் யார் எடுப்பார்கள்?”

விலை விழுகிற ஆண்டில்தான் சிக்கல். ஆலையில் வாங்கும் விலை குறைந்தால் கிழங்கை அதிக நாள் வைத்திருக்க முடியாது. பிடுங்கிய சில நாட்களிலேயே கெட ஆரம்பிக்கும். வீட்டிலோ தானியம் இருக்காது. சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி, அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மலை முழுவதும் ஒரே ஒரு ஆலைப் பயிரை நம்பியிருப்பது ஆபத்து. அதைச் சொல்ல மலையடிவாரத்திலிருந்து யாரும் ஏறி வர வேண்டியதில்லை. இங்கிருப்பவர்களுக்கே நன்றாகத் தெரிகிறது.

இன்று இரவு விடுதியில் சாப்பிட்டது பொன்னி அரிசிச் சோறும் சாம்பாரும். சாமைச் சோறு கிடைக்குமா என்று கேட்டேன். நாளைக்கு ஒரு வீட்டில் சொல்லி வைக்கிறேன் என்றார் சமையல்கார அக்கா.

புதன் இரவு, செம்மேடு

சொன்னபடியே அவர் அழைத்துப் போனார். செம்மேட்டிலிருந்து ஜீப்பில் சிறிது தூரம், பிறகு காப்பித் தோட்டத்தினூடே நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள். அறுவடை தொடங்கிவிட்டதால் வாசல்தோறும் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கல் மேல் தூக்கிக் கட்டிய தொம்பை, அதாவது தானியக் குதிர். மண் பூசிய சுவர், மேலே கூரை. உள்ளே உமியோடு சாமை, தனியே கேழ்வரகு. தானியத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். வீட்டு அம்மா ஒரு கை அள்ளிக் கொடுத்தார். “இது முந்தின வருஷத்தது. இதற்கும் முந்தினதும் கொஞ்சம் கிடக்கிறது. பூச்சி வராது” என்றார்.

உமி இருக்கும்வரை சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய நாளிலிருந்து அதன் தவிட்டில் இருக்கும் எண்ணெய் காற்றில் பட்டுக் காறல் அடிக்கத் தொடங்கும். அதனால் மலையில் தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்துவார்கள். அந்தக் குத்துகிற வேலைதான் பெண்களின் முதுகை ஒடித்தது.

இன்று அதை நேரில் பார்த்தேன். உரலில் சாமையைப் போட்டு இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டார்கள். சிறிது நேரம் குத்தி, முறத்தில் எடுத்துப் புடைத்து, உமியை ஊதி, மறுபடி உரலில் போட்டு, மறுபடி புடைத்து. தானியம் மிகச் சிறியது; பலமாகக் குத்தினால் நொய்யாகிவிடும், மெதுவாகக் குத்தினால் உமி போகாது. ஐந்து பேர் சாப்பிடும் அளவு அரிசி சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்து வீட்டு மருமகள் வந்து நின்று, “எங்கள் மாமியார் காலத்தில் தினமும் விடியலில் இதுதான் வேலை. காட்டு வேலைக்குப் போகும் முன்பு இது, வந்த பிறகு விறகு. ரேஷன் அரிசி வந்த அன்றைக்கு நாங்கள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டோம்” என்றார். யாரும் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. நிம்மதியோடு சொன்னார்கள்.

பாரம்பரிய உணவைப் பற்றி நகரத்தில் பேசுகிற கூட்டங்களில் இந்த உலக்கையைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? சாமையின் நார்ச்சத்தைப் பேசுவார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் ஏறக்குறைய 10தான் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு தானியம் வயலில் நிற்கும்போதும் தட்டில் இருக்கும்போதும் மட்டுமே அதைப் புகழ்ந்துவிட்டு, நடுவில் இருக்கும் உழைப்பைக் காணாமல் விட்டால் அந்தப் புகழ்ச்சியால் ஒரு படி சாமைகூடக் கூடுதலாக விளையாது.

இந்த மலையில் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்தது எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். தொண்ணூறுகளிலிருந்து இங்கே இருக்கிறது. அழிந்துகொண்டிருந்த உள்ளூர் ரகங்களைச் சேகரித்தார்கள். வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள். ஊர்களில் விதை வங்கிகள் அமைக்க உதவினார்கள். அதோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் மாவரைக்கும் இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொடுத்தார்கள். விதையையும் ஆலையையும் ஒன்றாகச் சிந்தித்ததுதான் அந்த வேலையின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன். ஆலை இல்லாத விதை வங்கி ஓர் அருங்காட்சியகம்.

பிற்பகல் பக்கத்து ஊரில் ஒரு மகளிர் குழுவின் அரவைக் கொட்டகைக்குப் போனேன். இது குழு தாங்களே பணம் சேர்த்து, கீழே ஒரு பட்டறையிலிருந்து வாங்கியது. சுழலும் தட்டு தானியத்தை வேகமாக வளையத்தின் மேல் எறியும். மோதுகிற வேகத்தில் உமி உடையும். விசிறி உமியை வெளியே தள்ளும். சல்லடை அரிசியையும் நொய்யையும் பிரிக்கும். ஒரு மணி நேர உலக்கை வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இயந்திரம் ஓடிய நாட்களில் மூன்று ஊர்களிலிருந்து தலைச்சுமையாகச் சாமை வந்ததாம். “மூன்று வருஷமாகச் சாமை போடாதவர்கள்கூட மழைக்கு முன்னால் வந்து விதை கேட்டார்கள்” என்றார் கணக்கு எழுதும் பெண். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மலையேறி வரலாம்.

ஆனால் இன்று இயந்திரம் நிற்கிறது. சல்லடை கிழிந்துவிட்டது. வளையத்தின் உள்பக்க ரப்பரும் தேய்ந்திருக்கிறது. செய்து கொடுத்த பட்டறைக்குத் தொலைபேசியில் கேட்டால், முழு இயந்திரத்தையும் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். எழுபது வளைவு இறக்கி, எழுபது வளைவு ஏற்ற வேண்டும். அதற்கான வண்டி வாடகை அவர்களிடம் இல்லை. மானியமும் கடனும் புதிய இயந்திரம் வாங்கத்தான் எளிதாகக் கிடைக்கின்றன. பழையதைப் பழுதுபார்க்க யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தேய்ந்த பாகங்களைப் படம் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அந்த முதல் வீட்டிலேயே சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கடைந்த கீரை. அன்றன்று குத்திய சாமைக்கு ஒரு வாசனை உண்டு. சேலத்துப் பொட்டலக் கடைகளில் வாங்கியதில் நான் அதை உணர்ந்ததே இல்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சோற்றுக்காக இரண்டு பெண்கள் குத்தியதைப் பார்த்திருந்ததால் ஒரு பருக்கையும் விடவில்லை.

வியாழன், திருச்சி வழியாகக் கீழ்நோக்கி

நாளெல்லாம் பயணம். நாமக்கல்லில் மாறி, திருச்சியில் மாறி, தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விவசாயிகளிடம் நேரடியாகக் கேழ்வரகு வாங்கும் நிலையங்களும் திறந்தார்கள். நல்ல தொடக்கம். சிறுதானியங்களில் கேழ்வரகு மட்டும் ரேஷன் கடைவரை போக முடிந்ததற்கு ஒரு காரணம் அதன் உடல்வாகு என்று தோன்றுகிறது. சாமைபோல் அதற்குக் கடினமான உமி இல்லை. கழுவி, காயவைத்து, எந்த ஊர் மாவு மில்லிலும் அரைத்துவிடலாம். சாமைக்கும் வரகுக்கும் அந்த வசதி இல்லை. வரகு உமி நீக்குவது இன்னும் கடினம். ஆகவே அரசு வாங்கத் தயாராக இருந்தாலும், ஊருக்குப் பக்கத்தில் உமி நீக்க இடமில்லாவிட்டால் அவை கடைக்கு வரப்போவதில்லை.

2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அதைக் குறைக்கச் சொல்பவன் அல்ல நான். பசியை நேரில் பார்த்த தலைமுறை அதைக் குறைக்கச் சொல்லாது. அந்த அரிசியோடு உள்ளூர்த் தானியமும் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வெள்ளி இரவு, திருத்துறைப்பூண்டி

மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்கு டெல்டாவின் தட்டையான நிலம் கண்ணுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகிறது. சம்பா அறுவடை முழுவேகத்தில் நடக்கிறது. பெல்ட் வண்டி எனப்படும் அறுவடை இயந்திரங்கள் சாலையில் வரிசையாக நிற்கின்றன. கொள்முதல் நிலையங்களின் முன்னால் நெல் குவியல்கள், மேலே தார்ப்பாய்.

இங்கிருந்து சற்றுத் தூரத்தில் கட்டிமேடு ஆதிரெங்கம். நெல் ஜெயராமனின் ஊர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழிகாட்டுதலில் பழைய நெல் ரகங்களைத் தேடி, விதைத்து, பெருக்கி, 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டவர். 2006இல் அங்கே நெல் திருவிழா தொடங்கியது. திருவிழாவில் ஒரு விவசாயி 2 கிலோ விதை நெல் வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் நடுவில் வராத இந்த ஒரே விதியால் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வயல்களுக்கு விதை போய்ச் சேர்ந்தது. 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். கஜா புயல் இந்தப் பகுதியைச் சூறையாடி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிறகு அவர் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்தை மாநில அரசு அறிவித்தது.

இன்று சந்தித்த விவசாயிக்கு மூன்று ஏக்கர். இரண்டில் சி.ஆர். 1009 என்ற அதிக விளைச்சல் நெல் ரகம். ஒன்றில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பழைய சிவப்பரிசி ரகம். வரப்பில் நின்று பார்த்தால் எது எது என்று உடனே தெரிந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா என் தோளுக்கு மேல் நின்றது. காற்று அடித்த பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. “ஒரு மூட்டை உரம் கிடையாது. மழைத் தண்ணீர் முட்டிவரைக்கும் நின்றபோது 1009 போட்டவர்கள் எல்லாம் கவலையில் இருந்தார்கள். இது பாட்டுக்கு நின்றது, தம்பி” என்றார் அவர்.

காலடியில் உளுந்து முளைவிட்டிருந்தது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, வயலில் மெழுகுபோல் ஈரம் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தை வீசிவிடுவார்கள். உழவு இல்லை, தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, பங்குனி சித்திரையில் கைக்கு வந்துவிடும். அரிசியும் பருப்பும் ஒரே வயலில். நிலத்துக்குத் தழைச்சத்தும் கிடைக்கிறது. இதைவிடச் சிக்கனமான விவசாய ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை.

விதை எடுக்கும் பகுதியில் மட்டும் அவர் இயந்திரத்தை இறக்குவதில்லை. முந்தைய வயலில் அறுத்த நெல் வண்டியின் தொட்டியில் கொஞ்சம் தங்கியிருக்கும். அது விதையில் கலந்தால் அடுத்த ஆண்டு வயல் முழுவதும் கலவன். ஆகவே அங்கே கை அறுவடை. கதிர் வரும் பருவத்திலேயே அவரும் மனைவியும் இறங்கிக் கலவனைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

விளைச்சலில் மாப்பிள்ளைச் சம்பா 1009ஐ எட்டாது. அதை அவர் மறைக்கவில்லை. விலையில் ஈடுகட்ட வேண்டும். அங்கேதான் மலையில் கேட்ட அதே பேச்சு இங்கும் கேட்டது. கொள்முதல் நிலையத்தில் 1009 போட்டால் 40 கிலோ மூட்டையாகக் கட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்வார்கள். அந்த ஏற்பாடு வெள்ளை அரிசிக்கானது. அதன் தரக் கணக்கில் சிவப்பு அரிசி குறைபாடு. பெரிய ஆலைக்கோ லாரிச் சுமையாக நெல் வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லுக்காக அவர்கள் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து ஓட்ட மாட்டார்கள். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கருவி சிவப்பு அரிசியைக் குப்பையாக ஒதுக்கிவிடும். “விதைக்கு அலைந்தது ஒரு வருஷம். அரைக்க அலைந்தது மூன்று வருஷம்” என்றார். அவர் நெல் இப்போது போகிற ஆலைக்கு நாளை என்னையும் கூட்டிப் போகிறார்.

சனி, மன்னார்குடி

ஊருக்கு வெளியே, முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த இடம். ரப்பர் உருளை வைத்து உமி நீக்கும் ஒரு சிறிய இயந்திரம், ஒரு தூற்றும் கருவி, நெல் அவிக்க இரண்டு பாத்திரங்கள், காயவைக்கச் சிமெண்ட் களம். தவிடு நீக்கிப் பளபளப்பாக்கும் கருவி கிடையாது. ஆலைக்காரர் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்தாலும் அரைத்துத் தருகிறார். ஒருவர் நெல் முடிந்து அடுத்தவர் நெல் போடும் முன்பு உருளைகளையும் தொட்டியையும் துடைக்கிறார். அந்தத் துடைக்கிற நேரத்தையும் கணக்கிட்டுத்தான் கூலி. யாரும் முகம் சுளிக்கவில்லை.

காலையில் வந்தவர்கள் ஐந்தாறு பேர். ஒருவர் கருப்புக் கவுனி, ஒருவர் பூங்கார், வேதாரண்யம் பக்கத்துக்காரர் ஒருவர் குடவாழை. என்னை அழைத்து வந்தவர் போன ஆண்டு மாப்பிள்ளைச் சம்பாவில் இரண்டு மூட்டை. மொத்தமாக அரைக்காமல் மாதம் மாதம் கொண்டுவருகிறார். மீதி நெல் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கிறது. தவிட்டோடு இருக்கும் அரிசியில் வண்டு விரைவில் ஏறும், காறலும் அடிக்கும். ஆகவே தேவைக்கு அரைப்பதுதான் சரி. தொம்பையில் சாமை வைத்திருந்த அந்த அம்மா சொன்ன அதே கணக்கு. மாதம் பிறந்தால் திருவாரூர், தஞ்சாவூரில் முப்பது நாற்பது வீடுகளுக்கு இந்த அரிசி போகிறது. அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இவர் அதற்கேற்ப அரைக்கிறார். எந்தக் கிட்டங்கியும் தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட அரவை நிலையம் வட்டத்துக்கு நான்கைந்து இருந்தால், பழைய நெல் போடத் தயங்குகிறவர்களில் பலர் துணிந்து போடுவார்கள் என்று ஆலைக்காரரும் விவசாயியும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் அதை நம்புகிறேன். கூடுதல் மானியம் கேட்கிறவர்கள் விதைக்கும் உரத்துக்கும் கேட்பதுபோல் இதற்கும் கேட்க வேண்டும். அதிலும் பழுதுபார்க்கும் செலவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “உருளை தேய்ந்தால் நானே மாற்றுவேன். சல்லடைக்குத் தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அளவு சொன்னால் வெட்டித் துளையிட்டுப் பஸ்ஸில் போட்டுவிடுவார்” என்றார். கொல்லிமலையில் எடுத்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நெல் இயந்திரமும் சாமை இயந்திரமும் வேறு வேறு, உருளை உதவாது. ஆனால் சல்லடை தகரம்தான், வளையத்தின் ரப்பர் கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டக்கூடியதுதான் என்று அவருக்குப் பட்டது.

அங்கேயே நின்று மகளிர் குழுவின் கணக்கு எழுதும் பெண்ணுக்குத் தொலைபேசி போட்டு ஆலைக்காரரிடம் கொடுத்தேன். சல்லடைக் கண் எத்தனை மில்லிமீட்டர், தட்டின் விட்டம் எவ்வளவு, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், மின்சாரம் ஒற்றை முனையா மும்முனையா என்று இவர் கேட்கக் கேட்க, மறுமுனையில் யாரையோ கூப்பிட்டு அளந்து சொன்னார்கள். இவர் நெல் வரவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். கிழிந்த சல்லடையின் ஒரு துண்டையும் பழைய ரப்பர் வளையத்தையும் நாமக்கல் வழியாகப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை செம்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அனுப்புவதாக அந்தப் பெண் சொன்னார். லேத் பட்டறைக் கூலியை நான் கொடுப்பதாக இருக்கிறேன். பாதியையாவது குழுவே தரும் என்று அவர் பிடிவாதமாக நிற்கிறார். பார்சல் வந்து சேர்ந்ததும், பாகங்கள் பொருந்தினவா இல்லையா என்பதை இங்கே எழுதுகிறேன்.